டீசலின் கதை – 21: ஒரே எண், மூன்று எஞ்சின்

1994 மாடல் ஃபோர்டு எஃப்-250 பிக்கப்புகள் இரண்டை அருகருகே நிறுத்துங்கள். ஒரே உடல், ஒரே முகப்பு. பதிவுக் காகிதத்தில் இரண்டும் 7.3 லிட்டர் டீசல் வி8. சேசிஸ் எண்ணின் பத்தாம் இடத்தில், 1994ஐக் குறிக்கும் ‘ஆர்’ என்ற எழுத்து இரண்டிலும் இருக்கும். இவ்வளவு ஒற்றுமைக்குப் பிறகும் ஒன்றின் பிஸ்டனோ, ஹெட்டோ, இன்ஜெக்டரோ மற்றதில் சேராமல் போகலாம். ஏனென்றால் அந்த ஒரே ஆண்டில், 7.3 என்ற அந்த ஒரே எண்ணின் கீழ் மூன்று வெவ்வேறு எஞ்சின்கள் விற்பனைக்கு வந்தன. டர்போ இல்லாதது ஒன்று. அதே அமைப்பில் டர்போ வைத்தது ஒன்று. எரிக்கும் முறையையே மாற்றிப் புதிதாக வடிவமைத்தது இன்னொன்று.

சென்ற பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸின் 5.7 லிட்டர் ஓல்ட்ஸ்மொபில் டீசலைப் பார்த்தோம். 1978ல் வந்தது, 1985ல் நிறுத்தப்பட்டது. ஹெட் போல்ட்டுகளால் டீசலின் அழுத்தத்தைத் தாங்க முடியவில்லை. எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் சாதனமும் இல்லை. அமெரிக்க மக்களுக்கு டீசல் கார் என்றாலே கசந்துபோனது. ஆனால் பிக்கப் வைத்திருந்தவர்கள் டீசலைக் கைவிடவில்லை. குதிரைகளையும் கால்நடைகளையும் ஏற்றிய டிரெய்லர்களை இழுக்கிறவர்களுக்கு, நம் லாரிக்காரர்கள் ‘புல்லிங்’ என்று சொல்வதுதான் முதல் தேவை. அவர்களுக்காக மூன்று கம்பெனிகள் இருபது ஆண்டுகள் மோதிக்கொண்டதுதான் இந்தப் பகுதியின் கதை. அந்த மோதலின் தடயங்கள் எல்லாம் பழைய வண்டிகளின் எஞ்சினிலும் டர்போவிலும் இன்றும் அப்படியே இருக்கின்றன. படிக்கத் தெரிந்தால் போதும்.

டிராக்டர் கம்பெனியிலிருந்து வந்த வி8

ஃபோர்டு தன் பெரிய பிக்கப்புக்கு டீசலைத் தானே செய்யவில்லை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரிடம் வாங்கியது. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் லாரியும் செய்து பெயர் வாங்கிய அந்தப் பழம்பெரும் நிறுவனம் அப்போது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. 1979 இறுதியில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஐந்தரை மாதம் நீண்டது. பின்னால் விவசாயப் பிரிவையே விற்க வேண்டி வந்தது; அது கேஸ் டிராக்டர் கம்பெனியோடு சேர்ந்தது. மிஞ்சிய லாரி, எஞ்சின் பிரிவுகள் 1986ல் நேவிஸ்டார் என்று பெயர் மாற்றிக்கொண்டன.

அந்தக் கஷ்ட காலத்தில் பிறந்ததுதான் 6.9 லிட்டர் வி8. 1983 மாடல் ஃபோர்டு பிக்கப்பில் வந்தது. சுமார் 170 குதிரைத்திறன். டர்போ கிடையாது. எண்ணெய் நேராக சிலிண்டருக்குள் பாயாது. ஹெட்டில் குடைந்த ஒரு சின்ன முன்னறையில் முதலில் பற்றி, பிறகு பிஸ்டன் மேல் விரியும். இதனால் சத்தம் குறையும், பம்ப்பும் எளிமையாக இருக்கும். ஆனால் அந்த முன்னறையின் சுவர் வழியே சூடு வீணாகும். அதை ஈடுகட்ட 20க்கு மேல் அழுத்த விகிதமும், குளிரில் கிளப்ப சிலிண்டருக்கு ஒன்றாகச் சூடேற்றும் பிளக்கும் வேண்டும்.

1988 மாடலில் இது 7.3 ஆனது. ஸ்ட்ரோக் மாறவில்லை, 4.18 அங்குலம்தான். சிலிண்டரின் விட்டம் மட்டும் 4 அங்குலத்திலிருந்து 4.11 அங்குலமானது. கொள்ளளவு 420 கன அங்குலத்திலிருந்து 444 கன அங்குலமாக ஏறியது. ஹெட் போல்ட்டுகள் 7/16 அங்குலத்திலிருந்து அரை அங்குலத்துக்குத் தடித்தன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே எஞ்சின் போலவே இருக்கும். சேசிஸ் எண்ணின் எட்டாம் இடம்தான் சொல்லும்: 6.9 என்றால் ‘1’, டர்போ இல்லாத 7.3 என்றால் ‘எம்’.

விட்டத்தைப் பெரிதாக்கியதற்கு ஒரு விலை இருந்தது. சிலிண்டர் சுவர் மெலிந்தது. டீசல் வெடிக்கும்போது அந்தச் சுவர் அதிரும். அதிர்வில் சுவரின் வெளிப்புறத்தைத் தொட்டிருக்கும் தண்ணீரில் நுண்குமிழிகள் தோன்றி உடையும். ஒவ்வொரு உடைவும் இரும்பில் ஊசி முனையளவு குத்தும். பல ஆயிரம் மைல் ஓடிய பிறகு அந்தக் குழி சுவரைத் துளைத்து சிலிண்டருக்குள் தண்ணீரை விட்டுவிடும். இதைத் தடுக்க ரேடியேட்டர் தண்ணீரில் அதற்கான ரசாயனத்தைக் கலந்து, அளவைச் சோதித்து வர வேண்டும். பழைய 7.3 வாங்குகிறவர்கள் கிலோமீட்டரைக் கேட்பதற்கு முன்னால் ரேடியேட்டரில் என்ன ஊற்றி ஓட்டினீர்கள் என்று கேட்பது இதனால்தான்.

டாட்ஜ் கொண்டுவந்த நேர்வரிசை

1989 மாடலில் டாட்ஜ் செய்த காரியம் இந்தப் போட்டியின் போக்கையே மாற்றியது. 1970களின் தொடக்கத்தில் வடிவமைத்த உடலோடு விற்பனையில் பின்தங்கிக் கிடந்த அந்த பிக்கப்பில் கம்மின்ஸ் ‘பி’ வரிசையின் 5.9 லிட்டர் எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். வி வடிவம் கிடையாது. ஆறு சிலிண்டர் நேர்வரிசை. எண்ணெய் நேராகவே சிலிண்டருக்குள் பாயும். ஆலையிலிருந்தே டர்போ. 160 குதிரைத்திறன்தான், ஆனால் முறுக்குவிசை 400 அடி-பவுண்டு. ஃபோர்டும் செவர்லேயும் அதுவரை தராத அளவு அது.

இந்த எஞ்சினும் வயல்காட்டிலிருந்து வந்ததுதான். கம்மின்ஸும் கேஸ் டிராக்டர் கம்பெனியும் கூட்டாக வட கரோலினாவில் ஆலை அமைத்து, 1980களின் முதல் பாதியில் செய்யத் தொடங்கிய எஞ்சின் இது. டிராக்டரில் நாள் முழுக்க முழுப் பாரத்தில் ஓட வேண்டிய எஞ்சின் பிக்கப்புக்குள் வந்தபோது, அதன் கெட்டித்தனமே அதற்கு விளம்பரமானது. நமக்கும் இது அந்நியமில்லை. டாடாவும் கம்மின்ஸும் 1993ல் கூட்டு நிறுவனம் தொடங்கி, ஜாம்ஷெட்பூரில் இதே 5.9 லிட்டர் ‘பி’ வரிசையைச் செய்தார்கள். நம் சாலைகளில் ஓடிய எத்தனையோ டாடா லாரிகளில் ‘கம்மின்ஸ் வண்டி’ என்று டிரைவர்கள் பெருமையாகச் சொன்னது இந்த எஞ்சினைத்தான்.

டர்போவைச் செய்தது ஹோல்செட். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் இருக்கும் இந்தக் கம்பெனியை கம்மின்ஸ் 1973லேயே வாங்கிவிட்டது. முதல் வண்டிகளில் ‘எச்1சி’ என்ற ரகம். அதில் இன்டர்கூலர் கிடையாது. டர்போ அழுத்திய சூடான காற்று நேராக எஞ்சினுக்குள் போகும். 1991ன் நடுவில் ஒரு மாற்றம் வந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலர் வந்து உட்கார்ந்தது. டர்போவிலிருந்து அதற்குப் போகும் குழாயும், அங்கிருந்து எஞ்சினுக்குத் திரும்பும் குழாயும் பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும். 1989 முதல் 1993 வரையிலான வண்டிகளை இரண்டாகப் பிரிக்க இந்த ஒரு பார்வை போதும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்டர்கூலர் வந்தால் காற்று குளிர்ந்து அடர்த்தியாகும், சக்தி கூடும். ஆனால் 1991ன் பிற்பாதி வண்டியிலும் கம்பெனி அறிவித்தது அதே 160 குதிரைத்திறன். செலவு செய்து இன்டர்கூலர் வைத்துவிட்டு சக்தியைக் கூட்டாமல் விட்டது ஏன்?

புகையை அளந்த சட்டம்

விடை வாஷிங்டனில் இருந்தது. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, 8,500 பவுண்டுக்கு மேற்பட்ட மொத்த எடைக்கு அனுமதிக்கப்பட்ட வண்டிகளின் டீசல் எஞ்சின்களுக்குப் படிப்படியாக வரம்பு போட்டது. எஞ்சின் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் கொடுக்கும்போது எத்தனை கிராம் அழுக்கை வெளியே தள்ளலாம் என்பதுதான் அளவு. புகைத்துகளுக்கு 1991ல் 0.25 கிராம். 1994ல் அது ஒரேயடியாக 0.10 கிராம் ஆனது. நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு 1991ல் 5 கிராம், 1998ல் 4 கிராம்.

டீசலில் இந்த இரண்டும் ஒன்றையொன்று எதிர்க்கும். எரிசூட்டைக் கூட்டினால் புகைத்துகள் குறையும், நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். சூட்டைக் குறைத்தால் நேர் எதிராக நடக்கும். இரண்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டுமானால் உள்ளே போகும் காற்று நிறையவும் குளிர்ந்தும் இருக்க வேண்டும். எண்ணெய் மிக நுண்ணிய துளியாக, சரியான நொடியில் பாய வேண்டும். முதலாவதைத் தருவது டர்போவும் இன்டர்கூலரும். இரண்டாவதைத் தருவது உயர் அழுத்த பம்ப்பும் மின்னணுக் கட்டுப்பாடும். 1991ல் கம்மின்ஸுக்குக் கிடைத்த குளிர்ந்த காற்று சக்தியாக மாறவில்லை. சுத்தமான புகையாக மாறியது.

இப்போது ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள். 1991: டாட்ஜில் இன்டர்கூலர். 1994: டாட்ஜில் பாஷ் பி7100 என்ற கனமான வரிசை பம்ப், செவர்லேயின் 6.5 லிட்டர் டர்போவில் மின்னணு பம்ப். ஃபோர்டில் முற்றிலும் புதிய எஞ்சின். 1998: கம்மின்ஸில் 12 வால்வு போய் 24 வால்வு, கணினி ஆளும் பம்ப். 2003 மாடல்: கம்மின்ஸில் காமன்ரெயில், ஃபோர்டில் 6.0 லிட்டர். இவை சட்டத்தின் தேதிகளும்தான். 2004க்கு என்று வைத்திருந்த வரம்பை, எஞ்சின் தயாரிப்பாளர்களோடு 1998ல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2002 அக்டோபருக்கே முன்னால் கொண்டுவந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு நேராகும். போட்டி இந்த எஞ்சின்களுக்கு வலுவைக் கொடுத்தது. எந்த ஆண்டில் எது மாற வேண்டும் என்பதைச் சட்டம் தீர்மானித்தது.

7.3ன் இரண்டாம், மூன்றாம் பிறவி

கம்மின்ஸின் 400 அடி-பவுண்டு ஃபோர்டு வாடிக்கையாளர்களைச் சும்மா இருக்க விடவில்லை. தங்கள் 6.9க்கும் 7.3க்கும் வெளிச்சந்தையில் டர்போ வாங்கிப் பொருத்தினார்கள். பேங்க்ஸ், ஏடிஎஸ் போன்ற கம்பெனிகள் அதற்கென்றே முழு செட்டாக விற்றன. கடைசியில் 1993 மாடலில் ஆலையே டர்போ வைத்து அனுப்பியது. 190 குதிரைத்திறன். அதன் உள்ளே பிஸ்டனும் பிஸ்டன் பின்னும் டர்போவின் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் ஏற்றபடி பலப்படுத்தப்பட்டிருந்தன.

பழைய வண்டிக்காரர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். பானெட்டுக்குள் டர்போ இருக்கிறது. அது ஆலை வைத்ததா, யாரோ பின்னால் மாட்டியதா? பின்னால் மாட்டியது என்றால் உள்ளே இருப்பது டர்போவுக்காகச் செய்யாத பிஸ்டன். அதில் எண்ணெயைத் தாராளமாகத் திறந்துவிட்டு மலையேறினால் விபரீதம். சேசிஸ் எண்ணின் எட்டாம் இடத்தில் ‘எம்’ இருந்தால் அந்த வண்டி ஆலையை விட்டு வந்தபோது டர்போ இல்லை என்று அர்த்தம். டர்போவும் குழாய்களும் உட்காரும் விதமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டர்போ மேல் இருக்கும் தகட்டில் செய்தவர் பெயரும் ரகமும் இருக்கும்.

1994 மாடல் ஆண்டின் நடுவில் மூன்றாம் பிறவி வந்தது. ஃபோர்டு அதற்கு பவர் ஸ்ட்ரோக் என்று பெயர் வைத்தது. இதே எஞ்சினை நேவிஸ்டார் தன் லாரிகளிலும் பள்ளிப் பேருந்துகளிலும் ‘டி444இ’ என்று விற்றது. விட்டம் அதே 4.11, ஸ்ட்ரோக் அதே 4.18. அதனால் கொள்ளளவும் அதே 444 கன அங்குலம், அதே 7.3. மற்றதெல்லாம் மாறிவிட்டது. முன்னறை போய்விட்டது, எண்ணெய் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. அழுத்த விகிதம் 21.5லிருந்து 17.5க்கு இறங்கியது. 210 குதிரைத்திறன், 425 அடி-பவுண்டு.

பானெட்டைத் திறந்து நிற்கிறவருக்கு வித்தியாசம் இப்படித் தெரியும். பழைய 7.3ல் முன்பக்கம் நடுவில் ஒரு பம்ப். அதிலிருந்து எட்டு மெல்லிய எஃகுக் குழாய்கள் வளைந்து நெளிந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும். பவர் ஸ்ட்ரோக்கில் அந்தக் குழாய்கள் ஒன்றுகூடக் கிடையாது. இன்ஜெக்டர்கள் வால்வு கவருக்குள் மறைந்திருக்கின்றன. கவரின் ஓரத்தில் மின்கம்பிகள் மட்டும் உள்ளே நுழைகின்றன. எட்டுக் குழாய் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சேசிஸ் எண்ணின் எட்டாம் இடத்தில் ‘எஃப்’ இருந்தால் அது பவர் ஸ்ட்ரோக்.

குழாயே இல்லாமல் அழுத்தம் எப்படி வருகிறது? எஞ்சின் ஆயிலை வைத்து. ஒரு தனி பம்ப் ஆயிலை 500 முதல் 3,000 பிஎஸ்ஐ வரை அழுத்தி இன்ஜெக்டருக்கு அனுப்பும். கணினி மின்சாரம் கொடுத்ததும் அந்த ஆயில் ஒரு பெரிய பிஸ்டன் தலையைத் தள்ளும். அதன் அடிப்பக்கம் ஏழில் ஒரு பங்கு அளவே இருப்பதால் டீசல் மேல் அழுத்தம் ஏழு மடங்காகி 21,000 பிஎஸ்ஐ வரை ஏறும். கேட்டர்பில்லரும் நேவிஸ்டாரும் சேர்ந்து சந்தைக்குக் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டால், எஞ்சின் வேகம் எதுவானாலும் எண்ணெயின் அழுத்தத்தைக் கணினியால் தேர்ந்தெடுக்க முடிந்தது. இதில் ஆயில் வெறும் உராய்வு தடுக்கும் பொருள் இல்லை. அது குறைந்தாலோ கெட்டாலோ வண்டி கிளம்பாது.

பவர் ஸ்ட்ரோக்குக்குள்ளேயும் இரண்டு காலம் உண்டு. 1994 முதல் 1997 வரை காரெட் ‘டிபி38’ டர்போ. அழுத்தம் மிஞ்சினால் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் இல்லை, இன்டர்கூலரும் இல்லை. 1998 மாடல் ஆண்டில் இந்தக் கனரக பிக்கப் கிடையாது. புதிய சூப்பர் டியூட்டி 1999 மாடலாக முன்கூட்டியே வந்தது. அதில் இன்டர்கூலர் வந்தது. டர்போ ‘ஜிடிபி38’ ஆகி, பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவும் கம்பியுமாக வேஸ்ட்கேட் சேர்ந்தது. இன்ஜெக்டர் முதலில் ஒரு சிறு துளியைத் தெளித்து, பிறகு முழு அளவையும் விடும் விதமாக மாறியது. கலிஃபோர்னியாவின் கடுமையான விதிக்காக அங்கே போன வண்டிகளில் இந்த இரட்டைத் தெளிப்பு முன்பே வந்துவிட்டது. இதனால் சத்தமும் நைட்ரஜன் ஆக்சைடும் குறைந்தன. 1999க்குள்ளேயே முன்பாதி வண்டிக்கும் பின்பாதி வண்டிக்கும் டர்போவும் இன்ஜெக்டரும் வேறு. எல்லை 1998 டிசம்பரை ஒட்டி விழுகிறது. அதனால் உதிரிபாகம் வாங்கும்போது மாடல் ஆண்டு போதாது, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் பார்க்க வேண்டும்.

தகடு சொல்லும் சாட்சி

சேசிஸ் எண் ஒரு பிறப்புச் சான்றிதழ். வண்டி எந்த எஞ்சினோடு பிறந்தது என்று சொல்லும். இன்று உள்ளே எது இருக்கிறது என்று சொல்லாது. அதோடு ஒரே எழுத்துக்குக் கம்பெனிக்குக் கம்பெனி பொருள் வேறு. ஃபோர்டில் எட்டாம் இடத்து ‘எஃப்’ பவர் ஸ்ட்ரோக் என்றால், செவர்லேயில் அதே ‘எஃப்’ கனரக 6.5 டர்போவைக் குறிக்கும். அதனால் முடிவான சாட்சியை எஞ்சினிலேயே தேட வேண்டும்.

இதில் கம்மின்ஸ் முன்மாதிரி. டிரைவர் பக்கம், எஞ்சினின் முன்னால் கியர் உறையில் ஒரு தகடு இருக்கும். வரிசை எண், உற்பத்தித் தேதி, குதிரைத்திறன் எல்லாம் அதில் உண்டு. கூடவே ‘சிபிஎல்’ என்ற எண். எந்தப் பிஸ்டன், எந்த கேம், எந்த டர்போ, எந்த இன்ஜெக்டர் என்ற முழுப் பட்டியலுக்கும் அந்த ஒரே எண்தான் சாவி. 1996க்குப் பிந்தைய 12 வால்வு வண்டியில் ஆட்டோமேட்டிக் கியருக்கு 180 குதிரைத்திறன், கையால் போடும் கியருக்கு 215. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இந்த இரண்டையும் தகடு பிரித்துக் காட்டிவிடும்.

டர்போவிலும் அப்படித்தான். ஹோல்செட் டர்போவின் டர்பைன் உறையில் வார்த்திருக்கும் எண், புகை நுழையும் வாயின் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் சொல்லும். 1990களின் பிற்பாதியில் வந்த ‘எச்எக்ஸ்35’ல் அது 12, அதன் பின் ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு வந்த ‘எச்ஒய்35’ல் 9. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறுவதுபோல, வாய் சிறிதானால் புகை வேகமெடுத்து டர்போ சீக்கிரம் சுழலும். ஆனால் உயர் வேகத்தில் புகைக்கு வெளியேற வழி போதாது. பாரத்தை எடுக்கும் வேகமும் நீண்ட மலையேற்றமும் ஒரே உறையில் கிடைக்காது. வடிவமைத்தவர் எதை விட்டு எதை எடுத்தார் என்பதை அந்த இரண்டு இலக்கம் சொல்லிவிடுகிறது.

இந்தத் தகடுகளைப் பெயின்ட் அடித்து மறைப்பதும், டர்போ மாற்றும்போது பழைய உறையோடு தூக்கி எறிவதும் சாதாரணமாக நடக்கிறது. அப்படிச் செய்கிறவர்கள் ஒரு வண்டியின் ஆவணத்தையே அழிக்கிறார்கள். பழைய எஞ்சினைக் காப்பாற்ற நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது எட்டாம் இடத்து எழுத்து, தயாரிப்பு மாதம், எஞ்சின் தகடு, டர்போ தகடு இந்த நான்கையும் குறித்து வைப்பதுதான். நான்கும் ஒத்துப்போனால் வண்டி ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. எது ஒத்துப்போகவில்லையோ, அந்த இடத்தில் பின்னால் வந்த ஒருவரின் கை பட்டிருக்கிறது.

2003 மாடலில் 7.3ன் ஆட்டம் முடிந்தது. பாதி ஆண்டு 7.3ம் அதன் வாரிசான 6.0ம் ஒரே கடையில் அருகருகே விற்றன. அந்த 6.0ன் டர்போவுக்குள் அசையும் இதழ்கள் இருந்தன. சின்ன வாயா பெரிய வாயா என்ற பழைய கேள்விக்கு ஓடும்போதே விடை சொல்ல முயன்ற இதழ்கள். புகைக்கரி அந்த இதழ்களை என்ன செய்தது, ஃபோர்டுக்கும் நேவிஸ்டாருக்கும் இடையிலான உறவு ஏன் நீதிமன்றம் வரை போனது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)